சேமியா முள்

எனக்கு முள் எடுக்கக் கற்றுக்கொடுத்தது சேமியா. இதை அப்பாவின் ஊரான கோவளத்தில் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அப்பா வழியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பால்பல் விழுவதற்கு முன்பே நாக்கால் முள்ளைப் பிரித்துக் கடைவாயில் ஒதுக்கிவிடும். நான் பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில், ஒரு மூன்றாவது மாடியில்.

அப்பா பொத்தேரிக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போனவர். போன முதல் மாதமே அம்மா ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். மேல்மாடிக் கிழவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, குழாய்க்குள் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்தாராம். அன்றோடு கருவாட்டுக்கு முழுக்கு. பிறகு மீன் குழம்பும் போயிற்று, வறுவலும் போயிற்று. கடைசியில் எங்கள் வீட்டில் மீன் என்று மிஞ்சியது, ரொட்டித்தூளில் புரட்டி உறைய வைத்து விற்கும் விரல் நீளத் துண்டுகள்தான். தலை கிடையாது, வால் கிடையாது, முள் கிடையாது. எனக்கு அதுதான் மீன்.

இது அத்தைக்குத் தெரியக்கூடாது. அத்தை, அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா. கோவளம் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். கல்யாணத்தின்போதே, "செங்கல்பட்டுக்காரி வளக்கப்போற புள்ளைக்கு மீன் துன்னத் தெரியுமா?" என்று சபையில் கேட்டவள். அந்தக் கேள்வி அம்மாவை விடவே இல்லை. போனில் அத்தை விசாரிக்கும்போதெல்லாம், "தலையக்கூட விடமாட்டா அண்ணி" என்று அம்மா அளந்துவிடுவாள். ஒருமுறை அத்தை என்னிடமே, இன்னா மீன் துன்னே என்று கேட்டுவிட்டாள். "பிஸ்கட் மாதிரி நீளமா இருக்கும் அத்தை" என்றேன். அம்மா வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்கு எட்டு வயதானபோது ஊருக்குக் கிளம்ப டிக்கெட் போட்டார்கள். அன்றிலிருந்து பயிற்சி. அம்மா மீன் துண்டைப் பிளந்து, சேமியாவை ஒடித்து உள்ளே செருகித் தருவாள். நான் நாக்கால் தேடி ஒதுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். ஆறு வைத்தால் நாலுதான் வரும், மற்றது என் வயிற்றில். சேமியா வாய்ச்சூட்டில் இளகிவிடும், விழுங்கினால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். முள் என்பது கொஞ்சம் பொறுத்தால் கரைந்துபோகிற சமாச்சாரம் என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர் மட்டும்தான் கிளம்பினோம். விமானத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை எதைப் போட்டாலும் சாப்பிட்டுடு. தெரியாதுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே." அவள் கை ஈரமாக இருந்தது. அம்மா ஒருவருக்குப் பயப்படுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதனால் எனக்கும் பயம் வந்துவிட்டது.

போய் இறங்கிய மறுநாள் மதியம் முள்ளுவாளைக் குழம்பு. பேரிலேயே முள்ளை வைத்துக்கொண்டு திரிகிற மீன் அது. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அத்தை அவளுக்குப் பெரிய சட்டியிலிருந்து போட்டாள். எனக்கு மட்டும், அடுப்போரம் மூடிவைத்திருந்த சின்னச் சட்டியிலிருந்து.

"இது ஒனக்கு கண்ணு. மெதுவா துன்னு."

அம்மா தட்டில் மீன் முழுத் துண்டுகளாகக் கிடந்தது. என் தட்டில் உதிர்ந்து குழைந்து கிடந்தது. மீன்கார வீட்டில் இப்படியா சமைப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கென்று தனியாக, கஷ்டமான கேள்வித்தாள் தயாரித்திருக்கிறாள் என்றும் நினைத்தேன். அத்தை தன் தட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வாய்க்கும் இல்லை. இவ்வளவுதானா என்று தைரியம் வந்து வேகமாக அள்ளினேன். கடைசிக் கவளத்தில் ஒன்று நாக்கில் குத்தியது. ஊறட்டும், இளகிவிடும் என்று வாயில் வைத்திருந்தேன். "இன்னா கண்ணு?" என்று அத்தை முன்னால் குனிந்தாள். பயத்தில் விழுங்கிவிட்டேன்.

அது இளகவில்லை.

சாப்பிட்ட கையோடு அத்தையுடன் மாமல்லபுரம் சுற்றிப் பார்க்க பஸ் ஏறினோம். அம்மா பாஸான முகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் ஊசி ஏறியது. விழுங்காமல் இருக்கப் பார்த்தால் எச்சில் இன்னும் அதிகமாக ஊறியது. இன்றைக்குச் சாயங்காலம் செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன். வாயைத் திறந்தால் அம்மா மாட்டிக்கொள்வாள். திறக்காமல் செத்தால், டாக்டர் தொண்டையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார், அப்போதும் அம்மாதான் மாட்டிக்கொள்வாள். எப்படிப் பார்த்தாலும் தப்ப வழியில்லை. இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழாமல் வந்தேன்.

கடற்கரையில் அத்தை ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். தாங்க முடியாமல் மணலில் துப்பினேன். எச்சிலில் நூலளவு சிவப்பு. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். முள்ளா என்று ஜெர்மன் மொழியில் ரகசியமாகக் கேட்டாள். நான் அப்போதும் இல்லை என்றுதான் தலையாட்டினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அத்தை பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, இவளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. இவ பொறந்தப்புறம் அங்க ஒரு நாள்கூட நான் முழு மீன் ஆக்கினதில்ல. இத்தனை நாளும் பொய்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அத்தனை கூட்டத்தின் நடுவில் விம்மி அழுதாள்.

அத்தை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினாள். ஆட்டோவில் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முழுங்காதடி. துப்பிக்கினே வா. எம்மேலயே துப்பு." அவள் புடவையெல்லாம் என் எச்சில். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் காதில் கேட்டது. கோபம் என்று நினைத்து இன்னும் நடுங்கினேன்.

ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்தார். சேமியாத் துணுக்கைவிடச் சின்னது. அத்தை அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ண வுட்டுட்டேனே, பாவி!"

நான் விழுங்கிய நேரம் கவனிக்காமல் விட்டதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தபோது, "முள்ளுவாளையே துன்னுச்சு எம் மருமவ. செங்கல்பட்டுக்காரி நல்லாத்தான் வளத்துகிறா" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

போன வாரம் என் மூன்று வயது மகனுக்கு முதன்முதலாக முழு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அதே ஜெர்மனிதான், மேல்மாடியில் மட்டும் வேறு ஆள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, விரலால் தடவித் தடவி முள்ளையெல்லாம் எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. எடுத்து முடித்தபோது அது முழுத் துண்டாக இல்லை. உதிர்ந்து குழைந்து கிடந்தது. அதை வழித்துக் கொஞ்சம் குழம்போடு ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தேன். மூடிய கை அப்படியே நின்றுவிட்டது.

நான் போனில் பிஸ்கட் என்று சொன்ன அன்றைக்கே அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் எனக்கு முள்ளுவாளை சாப்பிடக் கொடுக்க, காலையெல்லாம் உட்கார்ந்து முள் எடுத்திருக்கிறாள். அன்று அந்தச் சமையலறையில் என்னைவிட, அம்மாவைவிட, அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவள் அத்தைதான். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தது எனக்கு மீன் தின்னத் தெரியுமா என்று அல்ல.