ரொட்டிக்கு ஒரு சோபா

"சாப்பாடெல்லாம் கேனப்பேம்மா" என்று மகள் போனில் சொன்னபோது என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"யாரடி கேனப்பயன்னு சொல்ற?"

அவள் சிரித்துவிட்டாள். "கேனப்பே லா. ஒரு வாய்க்கு ஒண்ணுன்னு சின்னச் சின்னதா இருக்கும். ட்ரேல எடுத்துட்டு வருவாங்க. நின்னு பேசிக்கிட்டே சாப்பிடலாம்."

அவளுடைய திருமணப் பதிவு முடிகிற அன்று மாலை சிரம்பானில் வைக்கப்போகும் விருந்தைப் பற்றித்தான் பேச்சு. கோயில் கல்யாணம் தை மாதத்தில். அவளும் மாப்பிள்ளையும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவர்கள். மண்டபம், பூ, சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். நான் வந்து நின்றால் போதும் என்றாள். அந்த 'நின்றால்' என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

காரணம் என் அண்ணன். என் வீட்டுக்காரர் போன பிறகு என் மகளுக்கு அப்பா இடத்தில் இருந்தவர். லாபு பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் காலமெல்லாம் குலை வெட்டி, இப்போது முட்டி தேய்ந்து கிடக்கிறார். கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அதை வெளியே சொல்லவும் மாட்டார்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் செனாவாங் ஃபேக்டரியில், தேநீர் இடைவேளையில் அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். அது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம். அசல் அர்த்தம் சோபா. சின்ன ரொட்டித் துண்டின்மேல் மீனோ முட்டையோ சோபாவில் ஆள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். அதற்கும் பின்னால் போனால், கிரேக்கத்தில் கொசுவலை போட்ட கட்டிலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். கொசுவிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்து ரொட்டிக்கு. மணி அடித்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. முட்டைக்கு உட்கார இடம் உண்டு, அண்ணனுக்கு இல்லையா?

அன்று மாலையே மகளைக் கூப்பிட்டேன். "சேர் போடச் சொல்லு."

"சேர் போட்டா அவங்கவங்க ஆளோட உக்காந்துடுவாங்கம்மா. ரெண்டு குடும்பமும் கலந்து பேசணும்னுதானே இப்படி வச்சிருக்கோம்."

"மாமாவுக்கு முட்டி..."

"சரி, ஓரமா கொஞ்சம் சேர் போடச் சொல்றேன். போதுமா?"

போதும் என்றேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. புடவையை இஸ்திரி போட்டேன், மடித்தேன், பிரித்து மறுபடியும் போட்டேன்.

விருந்தன்று அண்ணன் வேனில் தோட்டத்து ஆட்களோடு வந்து இறங்கினார். எல்லோரும் விபூதியும் புதுச் சட்டையுமாய், பளிச்சென்று இருந்தார்கள். ஓரத்தில் நாற்காலிகள் இருக்கத்தான் இருந்தன, ஆனால் அவற்றின்மேல் பரிசுப் பெட்டிகளும் கைப்பைகளும் குவிந்து கிடந்தன. மகள் மேடைப் பக்கம் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். யாருடைய பையை நான் எடுத்துக் கீழே வைப்பது?

ட்ரே வந்தது. அண்ணன் ஒன்றை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது முறை வந்தபோது எல்லோரும் கையை ஆட்டி வேண்டாம் என்றார்கள். மூன்றாவது முறையும் அப்படியே. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போனேன்.

"ஏன்ணே, புடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுலயே வயித்த ரொப்பிக்கிட்டா அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்யறது? மத்தியானமும் யாரும் சாப்பிடல. கல்யாண வீடாச்சே."

அவர்கள் சோறு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து நகர்ந்தேன். சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினேன், சன்னலுக்குப் போனேன், சம்பந்தியம்மாவிடம் ஏதோ கேட்டு அவர் பதில் சொல்லும் முன்பே வந்துவிட்டேன். அண்ணன் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, இதுதான் சாப்பாடு. வேற ஒண்ணும் வராது."

அவர் என்னைப் பார்த்தார், ட்ரேயைப் பார்த்தார். "இதுவா?" என்றார். கோபம் இல்லை. "இதுக்குப் பேரு என்ன?"

பெயரைச் சொன்னேன். சோபா கதையையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"ரொட்டியே சோபாவா? அப்ப நானும் உக்காந்துக்கறேன் லா."

மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருப்பதை எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார். நொண்டிக்கொண்டே போய் ஒன்றை இழுத்தார். அதைப் பார்த்துவிட்ட மாப்பிள்ளை ஓடிவந்து, "மாமா, விடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஒன்றைக் கொண்டுவந்து போட்டவர் அதோடு நிற்கவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு அடுக்கு அடுக்காகக் கொண்டுவந்தார். சம்பந்தியம்மா முதல் ஆளாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். அரை மண்டபம் உட்கார்ந்துவிட்டது. ட்ரேக்காரர்கள் வழி இல்லாமல் திணறினார்கள்.

மகள் அங்கிருந்தே என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

விருந்து முடிந்ததும் தோட்டத்து ஆட்களை நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பாய் கடைக்கு அழைத்துப்போனேன். சோறும் மீன் குழம்பும் வந்ததும் எல்லோரும் குனிந்து அள்ளிச் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள் மாலையைக் கெடுத்துவிட்டேனோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுப்பேன், வைப்பேன்.

அண்ணன்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. பட்டுப்புடவையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள், பின்னாலேயே மாப்பிள்ளை.

"போட்டோ எடுத்தே பொழுது போச்சு. ஒண்ணுமே சாப்பிடல" என்று என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"அவங்க எல்லாம் பசியோட நிக்கிறாங்கன்னு அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லம்மா?"

சேர் போடச் சொன்னேனே என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டது சேரைப் பற்றி இல்லை. சமையலறைக்கும் சன்னலுக்கும் நடந்த நான், மேடைவரை ஏன் நடக்கவில்லை? பாயிடம் இன்னொரு தட்டு கேட்டேன்.