கல்லால் வைத்த சூடு

எனக்கு முன்கோபம் அதிகம். மேசன் வேலை செய்கிறவனுக்கு அது ஆகாது என்பார்கள். ஆனாலும் நான் கட்டிய சுவர் ஒன்றும் இதுவரை விழுந்ததில்லை, அந்தத் திமிரும் என்னிடம் உண்டு. ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, மனைவியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தபோது தூக்குக்குண்டையும் சாந்தகப்பையையும்தான் முதலில் மூட்டை கட்டினேன். வயல் வேலை வந்த இடத்தில் பழகியதுதான்.

பழகுவதற்குள் பட்டும் விட்டேன். வன்னிக் கறையான் எப்படிப்பட்டது என்று தெரியாமல் விதைநெல்லைச் சாக்கில் கட்டிப் பலகைமேல் அடுக்கி வைத்திருந்தேன். விதைக்க எடுத்தபோது சாக்கும் பலகையும் பார்வைக்கு இருந்தன, தொட்டால் எல்லாம் மண். அந்தப் போகம் காணி தரிசாகக் கிடந்தது. குடியேற்ற அதிகாரி வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு போகம் இப்பிடிக் கிடந்தால் பெர்மிட்டை வெட்ட வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். பெர்மிட் போனால் காணியும் வீடும் போகும். திரும்பிப் போய் இருக்க யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு பரப்பு நிலமும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. அதற்குப் புதிதாக வந்த சுவாமியார் இத்தாலிக்காரர். என் வயதுதான் இருக்கும். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் எங்களோடு பேசும்போதும் புத்தகம் போலவே பேசுவார். அவருடைய அலுமாரியையும் கூரை மரத்தையும் அதே கறையான் தின்று முடித்திருந்தது. கூரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். போனால், மேசையில் ஒரு படத்தை எடுத்து வைத்து, "இப்படி ஒன்றைக் கட்டுவோமா?" என்று கேட்டார்.

படத்தில் ஒரு ஊர் முழுவதும் கூம்பு வீடுகள். இத்தாலியின் தென்கோடியில் பூலியா என்ற அவருடைய நாட்டுப்புறமாம். ஆறு இல்லை, காடு இல்லை, மண்ணைக் கிண்டினால் சுண்ணக்கல். வயலில் பொறுக்கிய தட்டைக் கற்களை அடுக்கியே வீடு கட்டுவார்களாம். மரம் இல்லை, சாந்து இல்லை, கூரையும் கல்தான், கறையானுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. அதற்குத் துருல்லோ என்று பெயர். அவருடைய தகப்பனாருக்கு அதுதான் தொழில், தானும் பத்து வருடம் கல் அடுக்கிவிட்டுத்தான் சுவாமியாராகப் போனதாகச் சொன்னார்.

"சாந்து இல்லாமல் கூரையோ சுவாமி? ஆரைப் பேய்க்காட்டுறியள்?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். அவரே கோதுமை மாவில் சுட்ட பாண், தோல் தடித்து, உள்ளே பஞ்சாக இருந்தது. அதைப் பிய்த்துத் தக்காளியைத் தேய்த்து, உப்புப் போட்டு, எங்கள் நல்லெண்ணெயை விட்டார். தங்கள் ஊரில் இதற்கு ஒலிவ எண்ணெய் விடுவார்களாம். ஒரு கடி கடித்துவிட்டு, "வேறு எண்ணெய். ஆனால் கெட்டதல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெறும் தக்காளிக்கும் உப்புக்கும் அப்படி ஒரு ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் நாலு துண்டு சாப்பிட்டேன்.

சுவாமியாரின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து சுண்ணக்கல் ஏற்றிய லொறிகள் ஆனையிறவு தாண்டி வந்தன. கூலி வேண்டாம், கட்டி முடித்தால் என் விதைநெல்லுக்கும் உள்ளே இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் இடம் பார்த்தோம். இடுப்பளவு தடிப்பில் வட்டச் சுவர், வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு நீண்ட கல். அதற்கு மேல் ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிட இரண்டு விரல் உள்ளே நீட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்கக் கற்களை மட்டும் வெளியே சரித்து வைத்தார், மழைத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு.

மூன்றாம் நாள் என் கை நின்றுவிட்டது. இது எனக்குத் தெரிந்த வேலை. அரிவு வெட்டியபின் கதிர்க்கட்டுகளை வட்டமாக அடுக்கி நாங்கள் சூடு வைப்பதில்லையா? கதிர் உள்ளே, தாள் வெளியே சரிந்து, மேலே போகப் போகக் குறுகி, மாதக்கணக்கில் மழைக்கு நின்றாலும் ஒரு துளி உள்ளே போகாது. கடலுக்கு அப்பால் எங்கேயோ ஒரு சனம் அதையே கல்லில் செய்திருக்கிறது. ஆளை ஆள் பார்க்காமலே எப்படி இது இரண்டு இடத்திலும் வந்தது என்று எண்ணி எனக்கு மேல் சிலிர்த்தது. அன்றிலிருந்து அவரோடு நான் வாய் காட்டவில்லை.

என் மனைவி மத்தியானச் சோறு கொண்டு வருவாள். ஒருநாள் சுவாமியார் சமையல் குசினி வாசலில் உட்கார்ந்து கோதுமை மாவை உருட்டி, பெருவிரலால் அமுக்கிச் சின்னச் சின்னக் காதுகள் செய்துகொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எங்கட ஆடிக்கூழுக்குத் தட்டிப் போடுற மாவெல்லோ, சுவாமி" என்று சொல்லிப் பக்கத்தில் குந்தி, அவர் ஒன்று செய்ய மூன்று செய்தாள். அவர் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தாயாரின் வேகம்" என்றார்.

இனி நான் செய்த மொக்கு வேலையைச் சொல்ல வேண்டும். அந்த வாசலுக்கு மரநிலை இல்லை, வெறும் கல்தான். நிலை வைக்காத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். போதாததற்கு அது என் நெல் இருக்கப்போகும் இடம். கூம்பு முக்கால்வாசி எழும்பிய நேரம் சுவாமியார் மடு மாதா கோவில் திருநாளுக்குப் போனார். நான் நாள் பார்த்து, பாலை மரத்தில் ஒரு நிலை செய்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வாசலில் இறுக்கி நிறுத்தினேன். குறுக்குக் கல்லில் முட்டும்படி ஆப்பும் அடித்தேன். நல்ல பொருத்தம், ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

திரும்பி வந்தவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"மரம் நிற்கும். கல் அமரும்" என்றார். "மாரியில் சுவர் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார வேண்டும். இது உட்கார விடாது. எடுத்துவிடுங்கள்."

"வைச்ச நிலையை எடுக்கிறதோ? நிலையைப் பிடுங்கினால் குடி அழிஞ்சுபோம், சுவாமி."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குக் கல் பொறுக்கப் போனார். உச்சிக்கல்லை வைத்த அன்று இரண்டு பேரும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு மரத்துண்டு இல்லாமல் தலைக்கு மேல் அவ்வளவு கல் நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சுவாமியார் அதைக் கண்டும் காணாதது போல நின்றார்.

ஐப்பசியில், கடனுக்கு வாங்கிய விதைநெல்லில் பாதியை விதைத்தேன். வெள்ளம் வந்தால் மறுபடி விதைக்கவென்று மற்றப் பாதியைக் கூம்புக்குள் குவித்துவிட்டேன். கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. விதைத்தது முழுக்கத் தண்ணீருக்குள் அழுகிப்போக, எனக்கு மிஞ்சியது அந்தக் கூம்புக்குள் இருந்த நெல் மட்டும். ஆறாம் நாள் விடிய சுவாமியார் ஆள் அனுப்பினார். நானும் மனைவியும் முழங்கால் தண்ணீரில் ஓடினோம்.

சுவர் இரண்டு பக்கமும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. நடுவில் குறுக்குக் கல்லை மட்டும் என் நிலை இறங்கவிடாமல் தாங்கிக்கொண்டு நின்றது. அதன் இரண்டு முனையிலும் கை நுழையும் வெடிப்பு. மேலே கற்கள் பிடி விட்டுத் தொங்கின. ஏற்கெனவே ஒன்று கழன்று வாசலில் விழுந்து கிடந்தது.

"நெல்லை வெளியே எடுக்கலாம்" என்றார் சுவாமியார். எங்கே எடுப்பது? என் வீடும் ஒழுகியது, கறையான் தின்ற அவருடைய கூரையும் ஒழுகியது. நனைந்த விதை இரண்டு நாளில் முளைத்துவிடும். "அல்லது நிலையை அறுக்கலாம். அறுத்தால் கல் தன் இடத்துக்கு வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அது உங்களுடைய நிலை. நான் தொடமாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நீங்கள்தான்" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நிலையைப் பிடுங்கினால் குடி அழியும். விதை போனாலும் அழியத்தானே போகுது? அறுங்கோ."

வாளை எடுத்துவந்து நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அறுக்கத் தொடங்கினேன். சுவாமியார் வந்து என் பக்கத்தில், அந்தக் கல்லுக்கு நேர் கீழே நின்றார்.

"வெளியால போங்கோ சுவாமி."

"இது நானும் கட்டியது" என்றார். போகவில்லை.

பாலை மரம் லேசில் அறுபடாது. ஒரு கால் அறுந்து, மற்றக் காலில் முக்கால்வாசி போனபோது மரம் வெடித்துச் சரிந்தது. தலைக்கு மேல் கூம்பு முழுவதும் உறுமியது. கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மேலே தொடங்கி, வரிவரியாக இறங்கி, காலுக்குக் கீழே மண்ணில் போய் நின்றது. கண்ணைத் திறந்தால் குறுக்குக் கல் சுவரில் குந்தியிருந்தது. வெடிப்பைக் காணவில்லை. ஒரு கல்லும் விழவில்லை. அப்படி ஒரு பயமும் அப்படி ஒரு சந்தோஷமும் ஒரே நேரத்தில் என் உடம்பில் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. சுவாமியார் சுவரில் நெற்றியை வைத்துத் தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி எங்களைத் தாண்டி உள்ளே போனாள். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்தாள். ஒரு நெல்லைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். கடக்கென்று முறிந்த சத்தம் அந்த மழைக்குள்ளும் எனக்குக் கேட்டது.

"காய்ஞ்சுதான் கிடக்கு" என்றாள். "தண்ணி வடியட்டும், விதைப்பம்."