இன்னொரு தடவை போடுங்க

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எந்த இடத்தில் சொல்லலாம்? ரசீது வந்துவிட்டது. எழுத்து கறுப்பாக விழுந்திருக்கிறது, தாள் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது, கடைக்காரரும் "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டார். பில் பிரிண்டரைப் பொருத்த வந்த அக்கா மட்டும் பையை மூடவில்லை. சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைக்கிறாள். கடை இருண்டுபோகிறது. "என்னாச்சு?" என்கிறார்கள் பொருள் வாங்க வந்தவர்கள். "ஒண்ணுமில்ல, ஒரு நிமிஷம்." மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி போடுகிறாள். விளக்கு, கம்ப்யூட்டர், வைஃபை பெட்டி எல்லாம் விழித்துக்கொண்டதும் கடைக்காரர் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை போடுங்க" என்கிறாள். ரசீது வருகிறது. அப்போதும் விடுவதில்லை. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, "எல்லாரும் உங்க போனைக் கொஞ்சம் இந்த வைஃபைல சேருங்க" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே சேர்வார்கள். "இன்னொரு தடவை."

கடைத்தெருவில் அவளுக்கு 'இன்னொருதடவை அக்கா' என்றே பெயர். கூப்பிட்டால் அதற்கே திரும்பிப் பார்ப்பாள்.

ஐம்பதை நெருங்குகிற மெலிந்த உருவம். பில் பிரிண்டர் விற்கிற கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வேலை. தோள்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், சுருட்டிய நீலக் கேபிள், ஒரு பேனா. துப்பட்டா ஓரத்தில் ஓர் ஊக்கு. பிரிண்டரின் முதுகில் இருக்கும் ஊசித்துளைப் பொத்தானை அந்த ஊக்கால்தான் அழுத்துவாள். உட்காரச் சொல்லி முக்காலி போட்டால் பையை அதன்மேல் வைத்துவிட்டு நின்றபடியே வேலை செய்வாள். எந்தக் கடையிலும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுல கேஸை மூடினியான்னு நான் கேட்டதே இல்ல" என்பார் அவள் கணவர். "மூடி, திறந்து, திரும்ப மூடிட்டுத்தான் படுக்க வருவா. கல்யாணத்தப்பவும் தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்லியிருப்பா, நல்லவேளை ஐயர் விடல." இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். பிறகு அவரும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைஃபை பெட்டி, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அது போனதும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். போனுக்கு இது போதும். பிரிண்டருக்குப் போதாது, கம்ப்யூட்டர் அதை எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. ஆகவே பிரிண்டருக்கு மாறாத எண் ஒன்றை வைக்க வேண்டும், அதையும் பெட்டி தன் போக்கில் கொடுக்கிற எண்களுக்கு வெளியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். உள்ளிருந்து எடுத்தாலும் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் அதில் உள்ள கெடுதல். என்றோ ஒருநாள் பெட்டி அதே எண்ணை யாரோ ஒருவருடைய போனுக்கும் கொடுத்துவிடும். அன்று கம்ப்யூட்டர் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வரும், சீட்டு வராது. போன்காரர் எழுந்து போய்விட்டால் எல்லாம் பழையபடி நன்றாக ஓடும். இடையில் நடந்ததற்குச் சாட்சி, சீட்டுக்காக அங்கே காத்திருந்த மனிதர் மட்டும்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து கவுண்டரில் அவள் ஒரு பிரிண்டர் வைத்தாள். டாக்டர் அறையில் எழுதும் மருந்து, கவுண்டரில் சீட்டாக வரும். எண்ணை உள்ளிருந்து எடுத்திருந்தாள். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பிற்பகல், அவசர ஊசிக்கான சீட்டு வரவில்லை. ஊசி இரண்டு மணி நேரம் தாமதமானது. நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனாலும் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "சீட்டே வரல சார்" என்றார் கவுண்டர்காரர். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார் என்றார்கள்.

மறுநாள் அவளை வரவழைத்தார்கள். வைஃபை பெட்டியின் பட்டியலில் அதே எண் ஒரு போனுக்கும் போயிருந்ததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஓசைப்படாமல் எண்ணை மாற்றினாள். சீட்டு அழகாக வந்தது. "மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்று மேனேஜர் கேட்டபோது கவுண்டர்காரர் பக்கத்தில்தான் நின்றார். "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள். அந்த நிமிடத்தில் அது உண்மை. உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டே ஒரு மனிதரைப் பொய்யராக்கிவிட முடிகிறது. அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று.

போன மாதம் ஒரு சலவைக்கடைக்குப் போனாள். கவுண்டரில் அதே மனிதர் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீங்க அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கதானே?"

ஊக்கு அவள் விரலிலேயே நின்றது. "ஆமாண்ணே."

"அதான பாத்தேன். இது மச்சான் கடை. வேற யாரும் வேலை குடுக்கல." குரலில் கசப்பு இல்லை. "உங்க மேல வருத்தமில்லம்மா. மெஷினைப் பாத்தீங்க, இருக்கறதைச் சொன்னீங்க."

அவள் குனிந்து கேபிளைச் செருகினாள்.

"மொதல்ல வரல, வரலன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் வீட்டுக்காரியே கேட்டா, 'உண்மையச் சொல்லுங்க, கொஞ்சம் கண்ணசந்துட்டீங்களா?'ன்னு. நாலு வருஷம் அதையே கேட்டா எனக்கும் தோணிருச்சு, அசந்துதான் போயிருப்பேனோன்னு. இப்பல்லாம் எட்டுச் சட்டை வந்தாக்கூட மூணு தடவை எண்ணறேன். என் கண்ணை நானே நம்பறதில்ல." சட்டென்று சிரித்தார். "நீங்களும் நம்ம ஜாதிதான் போல. மூணு தடவை போடச் சொல்றீங்களாமே?"

அவள் வழக்கம்போல எல்லாம் செய்தாள். வெளியிலிருந்து எடுத்த எண், மெயின் சுவிட்ச், அவர் போன், இஸ்திரி போடுகிறவரின் போன். ஒவ்வொரு தடவையும் ரசீது வந்தது. பையை மூடினாள். போயிருக்கலாம்.

அப்போது அவள் தன் போனை எடுத்து, பிரிண்டரின் எண்ணையே அதற்கும் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள், ஒன்பது வருடம் இல்லாமல் ஏன் அன்றைக்கு என்று இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"ஒரு பில் போடுங்கண்ணே."

போட்டார். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. பிரிண்டர் அசையவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார். "பேப்பர் இருக்கே."

"இன்னொரு தடவை போடுங்க."

அனுப்பப்பட்டது. சீட்டு இல்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை அவள் சொல்லாமலே அவர் அழுத்தினார். வெறும் வாயோடு இருந்த பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நீங்க தூங்கலண்ணே" என்றாள். "அன்னிக்கு அந்த நம்பரை வச்சது நான்."

அவர் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. அக்கா முக்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள். அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.