மதியத்தில் நின்றுபோகும் பம்பு

லாரி ஓட்டிய காலம் முழுவதும் அவர் யாரையும் முந்திப் போனதில்லை. அதனாலேயே லாரி ஆபீஸில் அவருக்கு ‘ஸ்பீடு’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. “வண்டி போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு” என்பார். கடைசியில் இடது கண் மங்கிப்போய், லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். துணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் தொடர்ந்து ஒரு வாரம் தங்கியதில்லை. பிள்ளைகளும் கிடையாது. அவர் மனைவி தன் தம்பிக்கு போன் போட்டுச் சொன்னாள்: “வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கார்டா. நல்ல மனுஷன்தான். ஆனா கிளம்புற மாதிரி தெரியல.”

விருந்தாளி சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் நீளமாக ஒரு கோழிக்கொட்டகை போட்டார். மேலே தகரம், பக்கவாட்டில் கம்பிவலை. குஞ்சும் தீவனமும் ஒரு கோழிக் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுத்தால் கூலி. முதல் இரண்டு வருஷம் வேலை நன்றாகவே போனது. காலையில் இருவரும் ஆளுக்கொரு வாளியோடு உள்ளே போவார்கள். பேசிக்கொண்டே தீவனம் போடுவார்கள். இத்தனை வருஷத்தில் பேசாத பேச்செல்லாம் அந்தக் கொட்டகைக்குள்தான் நடந்தது.

வெயில் காலத்துக்கென்று கூரைக்குக் கீழே குழாய் ஓட்டி, பொடித் துளையுள்ள நாசில்கள் வைத்திருந்தார்கள். பம்பைப் போட்டால் தண்ணீர் புகைபோல இறங்கும். கோழிக்கு வேர்க்காது. சூடு தாங்காவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தப் புகைத்தண்ணீர்தான் அதற்கு உயிர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த மச்சினன்தான் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தவன்.

மூன்றாம் வருஷம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. அப்போதுதான் பம்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. போட்டால் ஓடும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். யாரும் தொடாமலே மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

ஸ்பீடு முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். சரியாகவில்லை. நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, ஊசியால் குத்தி உப்பை எடுத்தார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் முன்னைவிட அழகாக இறங்கியது. ஆனால் பம்பு நிற்பது நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குறைகிறதா என்று பார்த்தார். நிறைய இருந்தது. மச்சினன் வந்து பிரஷர் சுவிட்சை மாற்றினான். அவன் வந்தது காலை நேரம். பம்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

“என்ன மாமா, நல்லாத்தானே ஓடுது?”

“உன்னைப் பார்த்தா ஓடுது. நீ போனதும் படுத்துக்கும்.”

“எங்க அக்காவை மாதிரின்னு சொல்லுங்க.”

“டேய், நான் இங்கதான் நிக்கிறேன்” என்றாள் அக்கா.

அன்றைக்கு மதியமே பம்பு மறுபடியும் நின்றது. அடுத்த தடவை அவனைச் சாப்பாடு போட்டு உட்கார வைத்துக்கொண்டார்கள். உச்சி வெயிலில் பம்பு நின்றதும் அவன் மோட்டார் மேல் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். மீட்டரைப் போட்டு வோல்டேஜ் பார்த்தான். மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தான்.

“சொல்லேன்டா” என்றாள் அக்கா.

“பம்புல கோளாறு இல்லக்கா. மதியமானா எல்லா வீட்லயும் ஏசி ஓடுது. நம்ம லைன் கடைசி லைன். இங்க வந்து சேர்றப்போ கரண்ட் இளைச்சுப்போய் வருது. அந்தக் கரண்ட்ல மோட்டார் முக்கி முனகி ஓடுது, சூடாகிடுது. ரொம்ப சூடானா எரிஞ்சிடக் கூடாதுன்னு உள்ள ஒரு சின்ன கட்-ஆஃப் இருக்கு. அதுதான் நிறுத்துது. ஆறினதும் விட்டுடுது.”

ஸ்பீடு நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்: “அப்போ வெயில் ஜாஸ்தியாக ஆக, சீக்கிரம் நிக்கும்?”

“ஆமா மாமா.”

“கோழிக்கு எப்போ வேணுமோ அப்போ நிக்கும்.”

மச்சினன் தலையை ஆட்டினான்.

மின்சார ஆபீஸுக்கு நடந்தார்கள். அங்கே இருந்த அம்மாள் நல்லவள்தான். டிரான்ஸ்ஃபார்மர் வரும், ஆனால் எப்போது என்று தனக்கே தெரியாது என்றாள். மச்சினன் தன் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினான். அது மோட்டாரின் இழுப்பைத் தாங்காமல் முதல் நாளே உயிரை விட்டது. பிறகு மோட்டாருக்கு மேல் ஓலைத்தட்டியால் நிழல் கட்டினார்கள். வீட்டிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து மோட்டாரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள்.

“நமக்கு விசிறி, மோட்டாருக்கு ஃபேன்” என்றாள் மனைவி, அட்டையால் விசிறிக்கொண்டே. “அடுத்த ஜென்மத்துல மோட்டாரா பொறக்கணும்.”

ஃபேன் வைத்ததில் சில நாள் ஓடியது. கோழிகளும் பெருத்துவிட்டன. ஏற்றிப்போக வண்டி வரும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த வண்டி ஒருநாள் தள்ளிப்போனது. அந்த ஒருநாளில்தான் எல்லாம் நடந்தது.

அன்றைக்குக் காற்றே இல்லை. தகரத்தின் அடியில் நின்றால் மண்டை காய்ந்தது. பம்பு ஓடுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. கோழிகள் இறக்கையை அகற்றி, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டன. அத்தனை ஆயிரம் மூச்சும் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேட்டது. ஸ்பீடு மச்சினனுக்கு போன் போட்டார்.

“மாப்ளே, அந்தக் கட்-ஆஃபை எடுத்துட்டு ஒயரை நேரா முறுக்கிட்டா என்ன ஆகும்?”

“நிக்காம ஓடும் மாமா. அப்புறம் எரிஞ்சிடும். அதை மட்டும் செய்யாதீங்க. நான் வேற மோட்டார் கேட்டிருக்கேன், சாயங்காலம் எடுத்துட்டு வர்றேன்.”

“சாயங்காலமா?” என்றார். போனை வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னார். அவள் கொட்டகைக்குள் பார்த்தாள். கம்பிவலை ஓரமாக நாலைந்து ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன.

“செய்யுங்க” என்றாள்.

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். ஒற்றைக் கண்ணுக்கு ஒயர் சரியாகப் பிடிபடவில்லை. அவள்தான் விரலால் காட்டினாள். முறுக்கி, டேப் சுற்றி, மெயினைப் போட்டார்.

பம்பு ஓடியது. நிற்காமல் ஓடியது. கொட்டகை முழுக்கத் தண்ணீர் புகையாக இறங்கி, கோழிகளின் முதுகு நனைந்தது. பிளந்திருந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. சில எழுந்து நடக்கக்கூடச் செய்தன. இருவரும் உள்ளே போய் அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்றார்கள். அவள் முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சிரித்தார். நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தச் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டார். நிற்குமோ நிற்குமோ என்று கேட்டார். ஒருவேளை மச்சினன் கணக்குத் தப்போ என்றுகூட நினைத்தார்.

வார்னிஷ் கருகும் நாற்றம் முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் மோட்டாரிலிருந்து கரும்புகை வந்தது. ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுபோனது.

அதன்பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து வீசினார்கள். தொட்டியிலிருந்து ஒரு ஓஸ் பைப்பை இழுத்து, விரலால் வாயை அடைத்துப் பீய்ச்சினார்கள். படுத்த கோழிகளைக் காலால் தள்ளித் தள்ளி எழுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் எழுப்பினால் மறுபக்கம் சாய்ந்தது. மூலைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கிப்போயின. கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் குறைந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மச்சினன் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலிலேயே அதைக் கீழே வைத்துவிட்டான். கருகிய மோட்டாரைத் திறந்து பார்த்தான். முறுக்கிய ஒயரைப் பார்த்தான்.

“நான்தான்டா செய்யச் சொன்னேன்” என்றாள் அக்கா.

“நீ சொல்லலேன்னாலும் செஞ்சிருப்பேன்” என்றார் ஸ்பீடு.

“ஒயரைக் காட்டினதும் நான்தான்.”

“சரி, விடு.”

“விடறதுக்கு என்ன இருக்கு?” என்று கத்தினாள். பிறகு மூவரும் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் குழி தோண்ட ஒரு மண்வாரி வண்டி வந்தது. கம்பெனி சூப்பர்வைசரும் வந்தார். திட்டவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டார், வருத்தம் தெரிவித்தார், பிழைத்த கொஞ்சத்தை ஏற்றிக்கொண்டு போனார். மச்சினன் கொண்டுவந்த மோட்டாரைத் திரும்ப எடுத்துப்போய் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அடுத்த குஞ்சு எப்போது வரும் என்று ஸ்பீடு போன் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்றார்கள். மனைவி ஒரு தையல் ஃபேக்டரியில் பட்டன் துளைக்குக் காஜா அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, நேரில் போய்க் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நினைத்து, அவர் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குப் போனார். வேலை முடிந்து அவள் வீடு வந்தபோது அவர் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, போனீங்களே. என்ன சொன்னாங்க?”

“நல்லா மரியாதையா உட்கார வச்சுப் பேசினாங்க. தண்ணி குடுத்தாங்க.”

“அப்புறம்?”

“குடிச்சேன்.”

அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.