மூன்றாம் வளைவில் தங்கையன் நெல்

பூதலூர் வட்டாரத்தில் தங்கையனைத் தெரியாது என்று ஒரு லாரிக்காரர் சொன்னால், அவர் ஊருக்குப் புதுசாக இருக்க வேண்டும், இல்லை பொய் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காதவர். அப்புறம் சொந்தமாக ஒரு கிரேன் வாங்கி, நெடுஞ்சாலையில் கவிழ்ந்துகிடந்த வண்டிகளையெல்லாம் நிமிர்த்தியவர். அறுபது ஆனதும் மற்றவர்கள் திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக நின்றுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். தங்கையன் மாலையைக் கழற்றிய மறுமாதமே புது உத்தியோகம் பிடித்தார். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி! பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது.

உத்தியோகம் வந்த விதம் இப்படி. பூதலூருக்குத் தெற்கே வாய்க்கால் தண்ணீர் ஏறாத செம்மண் மேடு. அங்கே தொழிற்பேட்டை வரப்போகிறதென்று ஒரு தனியார் முதலாளி வளையமாகத் தார்ச்சாலை போட்டார். சாலை வந்தது, தொழிற்சாலை வரவில்லை. சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர், ஏழு வளைவு. தஞ்சாவூரில் என்ஜினியராக இருக்கும் வானதி அந்த இடத்தைக் கேட்டு வாங்கி, தன்னைப் போலக் கார்ப் பைத்தியம் பிடித்தவர்களைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டாள். முதல் நாளே ஒரு கார் பள்ளத்தில் இறங்கியது. கிரேனுக்கு போன் வந்தது.

தங்கையன் வந்தார். காரைத் தொடவில்லை. இடுப்பில் கைவைத்து நாலு பக்கமும் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் எங்க பாப்பா?"

"கூப்பிட்டா வந்துடும் பெரியப்பா."

"கூப்பிட்டா எமனும்தான் வருவான். எது முன்னாடி வரும்னு எழுதி வாங்கியிருக்கியா?"

அவர் வளைவின் வெளிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஜனம் செல்போனோடு நின்றது.

"வண்டி கை மீறினா நேரா எங்க போகும்? அங்கதான். அந்த எடத்துல ஜனத்தை நிக்க வச்சிருக்கே. இதுக்கு நீ ஒரு என்ஜினியரு."

"அப்ப நீங்களே வந்து நடத்துங்க" என்றாள் கோபத்தில். அவள் கோபத்தில் சொன்னதை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

விபத்து நடந்த பிறகு போய் இழுத்தே வயசைக் கழித்தவருக்கு, நடக்கும் முன்பே போய் நிற்க ஒரு வாய்ப்பு. விடுவாரா? சட்டம் போட்டார். இது பந்தயம் இல்லை, யாரும் நேரம் பார்க்கக் கூடாது. ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாதவர் வேடிக்கை பார்க்கலாம், ஓட்ட முடியாது. காருக்குள் உருளுகிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் ஆனாலும் சரி, டேஷ்போர்டுப் பிள்ளையார் ஆனாலும் சரி. முந்துவது நேர்ச்சாலையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால்தான். ஆம்புலன்ஸ் நகர்ந்தால் ஓட்டம் நிற்கும். மஞ்சள் கொடிக்கு வேகம் குறை, சிவப்புக்கு நில். கறுப்பு காட்டினால் அந்த ஆளுக்கு அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. வாசலுக்கு வெளியே போக வேண்டும்.

கொடி பிடிக்க வானதி கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றாள். தங்கையன் சிரித்தார். நடவு ஆட்களைக் கூட்டி வந்தார். வெயிலில் நாள் முழுக்க நிற்கத் தெரிந்தவர்கள், கண் அலையாதவர்கள். மூன்றாம் வளைவுக்குக் கமலவல்லி. நாற்பது பேர் நடவு வயலை ஒற்றைக் குரலில் மேய்த்தவள். வாக்கி டாக்கி கொடுத்தபோது, "இது எதுக்கு மாமா, நான் கத்துனாலே கேக்குமே" என்றாள். கேட்டது.

நாலு வருஷத்தில் பதினோரு ஓட்டம். வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அதில் தன் கையால், எழுத்துக்கூட்டி, 'காயம்: இல்லை' என்று எழுதுவார். பதினோரு வரி. ஊருக்கு வருகிற விருந்தாளிகளையெல்லாம் பெரிய கோவிலுக்குக் கூட்டிப்போகும் முன் அந்தப் பலகைக்குக் கூட்டிப்போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது ஓட்டம் இந்த மாசியில் நடந்தது. சம்பா அறுப்பு நேரம். காலம் தப்பிய மழை பெய்து நெல்லெல்லாம் ஈரம். பதினேழு சதத்துக்கு மேல் ஈரமிருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுற்றுவட்டாரத்துக்கு அந்தத் தார் வளையத்தை விட நல்ல களம் ஏது? எல்லாரும் கொண்டுவந்து கொட்டிக் காயவைத்தார்கள். தங்கையன் அதற்கும் சட்டம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லா நெல்லும் போயாக வேண்டும். தார் மேல் நாலு மணி நெல் கிடந்தால் டயருக்கு அது எண்ணெய் மாதிரி. எல்லாரும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு குவியலைத் தவிர. நாற்பது மூட்டை நெல், மூன்றாம் வளைவுக்கு வெளியே மண்ணில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அது தங்கையனின் நெல். இன்னும் இரண்டு வெயில் வேண்டியிருந்தது. 'தார் மேலயா போட்டேன்? மண்ணுலதானே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு இருந்தது: தங்கையன் நடத்துகிற ஓட்டத்தில் வண்டி எங்கே தவறப்போகிறது?

ஞாயிறு காலை வழக்கம்போல் வளையம் முழுவதையும் செருப்பில்லாமல் நடந்தார். ஒரு மணி நெல்லும் காலில் தட்டவில்லை. இருபத்திரண்டு கார்கள், மூன்று கூட்டமாகப் பிரித்து ஓட்டம். மத்தியானம் ஒரு மணி வரைதான் அனுமதி. முதல் கூட்டம் ஓடி முடிந்தது. இரண்டாவது கூட்டம் கிளம்பி நாலாவது சுற்று போனபோது கமலவல்லியின் குரல் இரண்டு பக்கமும் கேட்டது, காற்றிலும் வாக்கி டாக்கியிலும்.

"செவப்பு! செவப்பு! மயிலு எறங்கிடுச்சு!"

எல்லாக் கொடியும் சிவப்பானது. கார்கள் நின்றன. தங்கையன் ஜீப்பில் போனார். ஏழெட்டு மயில். தார்ப்பாயைக் கிழித்துக் குவியலைக் கிளறித் தார் மேல் நெல்லை இறைத்திருந்தன. நல்லவேளை, கமலவல்லி கண்ணில் முதல் மயிலே பட்டுவிட்டது.

அவர் ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்தார். கமலவல்லி பக்கத்தில் வந்து, முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேசினாள்.

"மாமா, யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அதற்குள் வானதியும், பின்னாலேயே கார் ஓட்ட வந்த திருச்சிக்கார ஹரிஷும் வந்துவிட்டார்கள். காலையில் ஹரிஷின் காரிலிருந்த வெள்ளிப் பிள்ளையாரைத் தங்கையன்தான் பிடுங்கி வைத்திருந்தார்.

"என்ன பெரியவரே, எங்க சாமிய எறக்கிட்டு உள்ள நெல்லு மண்டி வச்சிருக்கீங்க? யாரு சரக்கு இது?"

தங்கையன் குவியலைப் பார்த்தார். பதினோரு வரி கண்முன் வந்தது. ஒரு பொய் சொன்னால் அந்தப் பலகையின் பெருமை அப்படியே நிற்கும். ஆனால் யாரோ ஒருத்தர் போட்டது என்றால், அந்த யாரோ அடுத்த தடவையும் போடுவார். அந்த ஆள் யார் என்று அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

"என் சரக்கு" என்றார். "தங்கையன் நெல்லு. போடக் கூடாதுன்னு சட்டம் போட்டவனும் நான், போட்டவனும் நான்."

சொல்லிவிட்டு வானதி பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும் கூப்பிடு பாப்பா. சாக்கு ஜீப்புல இருக்கு. தார்ல ஒரு மணி இருக்கக் கூடாது, மண்ணுல ஒரு மூட்டை இருக்கக் கூடாது."

"மண்ணுல உள்ளத மத்தியானம் எடுத்துக்கலாமே பெரியப்பா. நேரம் போகுது."

"வண்டி கை மீறினா நேரா எங்க போகும்னு உனக்குச் சொன்னவன் யாரு?"

லட்சக்கணக்கில் விலையுள்ள கார்களை ஓட்ட வந்தவர்கள் சாக்கு வாயைப் பிடித்தார்கள். ஹரிஷ் பந்தயக் கையுறையோடு நெல் அள்ளினான். "கையுறை போட்டு நெல்லு அள்ளுன மொதல் ஆளு நீங்கதான் தம்பி" என்று கமலவல்லி சிரித்தாள். ஒரு மணி நேரம் போனது, நாற்பது மூட்டையும் வாசலுக்கு வெளியே போனது. தங்கையன் தாரை இரண்டு தடவை பெருக்கி, வெறுங்காலால் நடந்து பார்த்தார். பிறகு ஜீப்பிலிருந்த கறுப்புக் கொடியை எடுத்துக் கமலவல்லி கையில் கொடுத்தார்.

"காட்டு."

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான். பாதுகாப்பு அதிகாரி இனிமே நீ."

"இன்னைக்கு ஒருநாள் விடுங்க பெரியப்பா" என்றாள் வானதி.

"எவனுக்காவது விட்டிருக்கேனா?"

கமலவல்லி கொடியைக் காட்டினாள். தங்கையன் வாக்கி டாக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தலை குனியாமல், கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்து வாசலுக்கு வெளியே கருவை மர நிழலில் உட்கார்ந்தார்.

மணி பன்னிரண்டே முக்கால். கடைசிக் கூட்டம். டயர் அலறுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் வளைவு. தங்கையன் எழுந்துவிட்டார். வாசலைத் தாண்ட ஒரு கால் எடுத்தார், தானே போட்ட சட்டம் நினைவுக்கு வந்து, காலைப் பின்னால் வைத்தார்.

"செவப்பு!" கமலவல்லியின் குரல். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஃபாஜில் கண் இமைக்கிற நேரத்தில் போனார். புழுதி அடங்குவது தெரிந்தது. பிறகு மறுபடி கமலவல்லி, வளையத்தின் அந்தக் கடைசியிலிருந்து, வாசல் பக்கம் திரும்பி, அவருக்காகவே கத்தினாள்:

"ஒண்ணும் இல்ல மாமா! எறங்கி நிக்கிறாரு!"

அரைமணி கழித்து ஹரிஷ் வாசலுக்கு வந்தான். உடம்பெல்லாம் செம்மண்.

"பிரேக்கை லேட்டா மிதிச்சிட்டேன். வண்டி நேரா வெளிய போயி, உங்க நெல்லு கிடந்த எடத்துக்கு மேலயே ஓடித்தான் நின்னுச்சு" என்றான். "அந்தக் குவியல் அங்க இருந்திருந்தா…"

"இல்லல்ல?"

"இல்ல, ஐயா."

பெரியவர் ஐயா ஆனதைத் தங்கையன் கவனிக்காமல் இல்லை. மடியிலிருந்து வெள்ளிப் பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தார்.

"காலையில இவரு முன்னாடி கண்ணாடிகிட்ட இருந்தாரு. வண்டி நின்ன வேகத்துல எங்க வந்து உக்காந்திருப்பாருன்னு பாத்துக்கங்க."

ஹரிஷ் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கார்கள் போன பிறகு வானதி சுண்ணக்கட்டியை நீட்டினாள். தங்கையன் பலகை முன் நின்று பன்னிரண்டாவது வரியை எழுத்துக்கூட்டி எழுதினார். காயம்: இல்லை. எழுதிவிட்டுக் கையை எடுக்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினார். தவறு: தங்கையன்.

"பெரியப்பா, மத்த எழுத்தை விட உங்க பேரு பெருசா இருக்கே" என்றாள் வானதி.

"பின்ன?" என்றார் தங்கையன், நாலடி பின்னால் போய்ப் பார்த்து. "ரோட்டுலேந்து தெரிய வேணாமா?"