சப்பாத்து எண்ணிய மனுசி

எங்கள் வாசலில் ஒரு மனுசி குனிந்து நின்று சப்பாத்துகளை எண்ணுவதை முதலில் கண்டது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா பின்னேரம் மூன்று மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போனால் திரும்பி வர ஆறாகும். அதுவரை தம்பிமார் இருவருக்கும் நான்தான் காவல்.

"ஆர் வந்தாலும் மூச்சுக் காட்டப்படாது. வீட்டில ஒருத்தரும் இல்லை, விளங்குதோ?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுப் போவா.

"நாங்கள் இருக்கிறம்தானே?" என்று சின்னத்தம்பி கேட்பான். அதற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குட்டு விழும்.

அது கார்த்திகை மாதம். நாலரைக்கே இருண்டுவிட்டது. படிக்கட்டில் காலடி கேட்டு எங்கள் வாசலில் நின்றது. நான் கதவில் இருந்த கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்தேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட வெள்ளைக்கார மனுசி. அந்தக் கட்டிடத்தில் செருப்பையும் சப்பாத்தையும் வெளியே கழற்றி வைப்பது நாங்களும் மேல்மாடித் தமிழ் அக்கா வீட்டாரும் மட்டுந்தான். அவள் எங்கள் சின்னச் சப்பாத்துகளைச் சோடி சோடியாக விரலால் தொடுவதுபோலக் காட்டி எண்ணினாள். உதடுகள் அசைந்தன. கையிலிருந்த காகிதத்தில் எதையோ குறித்தாள். மணியை அடிக்கவில்லை.

எங்கள் படிக்கட்டு விளக்கு சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். அன்றும் அணைந்தது. யாராக இருந்தாலும் உடனே சுவரைத் தடவி விளக்கு ஆளியைத் தட்டுவார்கள். அவள் தட்டவில்லை. இருட்டுக்குள் அப்படியே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு கடிதம் போடும் வாய் திறந்து, ஒரு மஞ்சள் காகிதம் என் காலில் விழுந்தது.

அம்மா வந்ததும், "வாசி பாப்பம்" என்றா.

காகிதத்தின் நடுவில் ஒரு கட்டம். அதற்குள் நீலப் பேனாவால் 3 என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் அலுவலகச் சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். தன் மகள் தண்ணி மாதிரி ஜேர்மன் வாசிப்பாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தா. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம்.

"பிள்ளையளைப் பற்றி எழுதியிருக்கு. மூண்டு எண்டு போட்டிருக்கு" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

அம்மா மேல்மாடி அக்காவைக் கூப்பிட்டா. அந்த அக்காவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. ஆனால் தெரியாத விஷயம் எதுவும் இல்லை.

"தங்கச்சி, உது பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டுபோற அரசாங்கக் கந்தோர் ஆக்கள். தனிய விட்டிட்டு வேலைக்குப் போறியள் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்."

"ஐயோ அக்கா, வேலைக்குப் போகாமல் வாடகை கட்ட ஏலாதே!"

"அதை அவையளுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவீரே? முதல்ல சப்பாத்துகளை உள்ளுக்கு எடும்."

எடுத்தோம். ஆனால் அடுத்த கிழமை சின்னத்தம்பி தன் சேற்றுச் சப்பாத்தை மறந்துபோய் வெளியே விட்டிருந்தான். அன்று விழுந்த காகிதத்தில் கட்டத்துக்குள் 1 என்று இருந்தது.

அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டா. "மற்ற ரெண்டு பேரும் எங்கை எண்டு இனிக் கேப்பினம்."

எனக்கு வேறு பயம். அவள் எண்ணாத பிள்ளைகளுக்கு என்னவோ ஆகிவிடும் என்று நம்பினேன். எங்கள் மூவரையும் நானே அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொண்டேன். என்னையும் சேர்க்க மறந்து இரண்டு என்று வந்தால் திரும்பவும் முதலிலிருந்து எண்ணுவேன்.

மூன்றாம் முறை அவள் வந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது. விளக்கு அணையும்வரை அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டில் அவளுடைய கை எங்கள் கதவைத் தடவும் சத்தம் கேட்டது. சின்னத்தம்பிக்கு விக்கல் எடுத்தது. அவன் வாயைப் பொத்தினேன்.

"ஹலோ?" என்றாள் மிக மெதுவாக, நித்திரையில் இருக்கும் ஒருவரைக் கேட்பதுபோல.

பிறகு விளக்குப் போடாமலே இறங்கிப் போனாள். அதன்பின் வரவில்லை. அம்மா கற்பூரம் கொளுத்தினா. "நான் சொன்னனெல்லோ!" என்றா மேல்மாடி அக்கா. அந்த மாரியில் அப்பா விடியற்புறத்தில் பேப்பர் போடும் வேலையையும் எடுத்தார். முழங்கால் வீங்கிய பிறகும் விடவில்லை. அம்மா தொடர்ந்து பின்னேரம் போனா. நாங்கள் ஈரச் சப்பாத்து மணக்கும் வீட்டுக்குள் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். தப்பிவிட்டோம் என்று நினைத்தோம்.

அகதியாக வந்தவர்கள் ஜேர்மன் எழுத்துள்ள காகிதம் எதையும் எறிய மாட்டார்கள். போன வருடம் அம்மா வீடு மாறியபோது, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அந்த இரண்டு காகிதங்களும் அகப்பட்டன. வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேலை செய்தும் சம்பளம் போதாத குடும்பங்களுக்கு வாடகைக்கு அரச உதவி உண்டு, பலருக்கு இது தெரியாது, விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். கட்டத்துக்கு மேலே 'பிள்ளைகள்' என்று இருந்தது. அம்மா எங்களைத் தனியே விட்டுப் போகாமல் இருக்க வழி சொன்ன காகிதம். நான் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அண்மையில் எங்கள் தமிழ்ப் பாடசாலையில், இப்போது கிடைக்கும் பிள்ளைகளுக்கான உதவிப் பணம் பற்றிய துண்டுக் காகிதங்களைத் தமிழ் வீடுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கொடுக்க ஆள் கேட்டார்கள். ஒருவரோடு கதைக்கவே வியர்க்கும் நான் ஏனோ கை உயர்த்திவிட்டேன்.

முதல் வாசலில் மூன்று சோடி சின்னச் சப்பாத்துகள். அழைப்பு மணிவரை போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. ஆளியைத் தட்டக்கூடக் கூச்சமாக இருந்தது. கதவின் துவாரத்தில் தெரிந்த வெளிச்சப் புள்ளி மறைந்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

தொலைபேசி வெளிச்சத்தில், காகிதத்தின் மேலே தமிழில் எழுதினேன்: 'பயப்பிடாதேங்கோ. அம்மாட்டைக் குடுங்கோ. இது நல்ல கடிதம்.' சுவரில் வைத்து எழுதியதில் எழுத்துகள் கோணலாக விழுந்தன. வெளியே நிற்பவளுக்கும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும் என்று அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.