மேகத்துக்குள் வழி போடுகிறவள்

மேகத்துக்குள் புகுந்து, வெளியே ஒன்றுமே தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற சின்ன விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்தப் பாதை, எவ்வளவு உயரம், எப்படி இறங்குவது, இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்று எல்லாவற்றையும் ராயபுரத்து மாடி ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்வேன். யாருக்காவது வழி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

வளைந்த கோடு

காசிமேட்டு மீன் ஏற்றுமதி முதலாளி ஒருவர் கொச்சிக்கு விமானம் கேட்டு வந்தார். திரையில் பாதையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நடுவில் மலை, சில இடங்களில் ராணுவத்துக்கு ஒதுக்கிய வானம், அதனால்தான் சுற்று என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு சிக்னல் இல்ல, ஒரு மாடு இல்ல. ஆகாசத்துல இன்னாத்துக்கும்மா வளைஞ்சிகினு போவணும்?"

மைத்துனருக்கு இடமில்லை

மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். மகளுக்குத் தூத்துக்குடியில் நிச்சயதார்த்தம். மழைக்காலம், அங்கே மேகம் தாழ்ந்து கிடக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. இறங்க முடியாவிட்டால் மதுரைக்குப் போகிற அளவுக்கு எரிபொருள் சேர்த்தேன். எடை கூடியது. ஓர் ஆள் குறைய வேண்டும். "போகாத ஊருக்கு எதுக்கு எண்ணெய்?" என்று அண்ணாச்சி கத்தினார். நான் மசியவில்லை. கடைசியில் அவர் மனைவியின் தம்பி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முந்தின நாளே ரயில் ஏறினார்.

மறுநாள் காலை, அனுமதித்த உயரம் வரை இறங்கிப் பார்த்தும் பைலட்டுக்கு ஓடுபாதை தெரியவில்லை. மேலே ஏறி மதுரைக்குத் திருப்பினார். அங்கிருந்து எல்லோரும் காரில் கிளம்பினார்கள். நிச்சயம் நின்றுபோனால் என்ன செய்வது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மைத்துனரிடமிருந்து போன்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காப்பி குடுத்து உக்கார வச்சிருக்கேன். அத்தான் வந்துக்கிட்டு இருக்காவ. நல்ல வேளை, என்னைய எறக்கி விட்டிய!"

ஜெனிஃபர்

ஜெனிஃபர் எங்கள் பைலட், ராயபுரத்துப் பெண். பொறுப்பு முழுக்கத் தன் கையில் என்று அவள் பறந்த முதல் நாளே, சென்னைக்குத் திரும்பும்போது நல்ல மழை. முன்னால் பெரிய விமானங்கள் இறங்குவதற்கு வரிசையில் இருக்க, இவளைக் கடலுக்கு மேலே வட்டமடிக்கச் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கவும் சேர்த்துத்தான் எரிபொருள் போட்டிருந்தேன். ஆனாலும் எண்ணூர் பக்கம் கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே ஜன்னலோரம் நின்றேன். டீ ஆறிப்போனது.

இறங்கிவிட்டாள் என்று செய்தி வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். சாயங்காலம் நனைந்தபடி ஆபீஸுக்கு வந்தவளிடம், மேகத்துக்குள் எப்படி இருந்தது என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "சாஞ்சிகினு கீறோம்னு ஒடம்பு சொல்லுச்சிக்கா, நேரா கீறோம்னு மீட்டர் சொல்லுச்சி. ஒடம்ப கம்முனு கெடன்னுட்டு மீட்டர் பேச்சைக் கேட்டுகினு வந்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் நான் போட்ட வழியில் ஒழுங்காகப் போய் ஒழுங்காக இறங்கிய பயணி ஒருவர்கூட எனக்குப் போன் செய்ததில்லை.